நேட்டால் கப்பல் பட்டியலில் இருப்பவரும் எங்கள் சின்னத் தாத்தாவும் ஒருவர்தானா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பூர்வீகம் குடியாத்தம் பக்கம் வளத்தூர். கொள்ளுத் தாத்தாவின் தம்பி ஒருவர் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனார், வியாபாரம் செய்தார், திரும்பவே இல்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இப்போது அங்குள்ள டர்பன் நகரிலிருந்து ஒரு பெண்மணி, "என் கொள்ளுத் தாத்தா உங்கள் ஊர்க்காரர்தான்" என்று காகிதங்களோடு எழுதியிருக்கிறார். கப்பல் பட்டியலின் தட்டச்சுப் பிரதி அவர் 1902இல் 24 வயதில் ஒப்பந்தக் கூலியாக வந்ததாகச் சொல்கிறது. 1915ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் வயது 36. 1936 ஜூலையில் இறந்தபோது மூத்த மகன் கொடுத்த மரண அறிவிப்பில் வயது 61, பிறந்த இடம் மெட்ராஸ், தகப்பன் பெயர் பெருமாள். கல்லறையில் பிறப்பு 1872. உங்கள் பக்கத்தில் இருப்பது இரண்டு. ஒன்று 1910ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம்; அதில் அந்தத் தம்பி "சந்ததியில்லாமல் காலமாகிவிட்டபடியால்" என்று எழுதியிருக்கிறது. மற்றொன்று 1901இல் பிறந்த உங்கள் தாத்தாவின் கணக்கு நோட்டு, அதில் "தாது ௵ ஆவணி ௴ 9 ௳ நேட்டால் சித்தப்பா. ஸ்நானம்" என்று ஒரு வரி (அதாவது தாது வருஷம் ஆவணி மாதம் 9ஆம் தேதி). தாது வருஷப் (1876) பஞ்சத்தில் போயிருப்பார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டு, "இதில் எந்த வருஷம் சரி?" என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் வருஷத்தைக் கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்பது. வருஷங்கள் அடித்துக்கொள்வதால் ஆள் வேறோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஆவணங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்கப்புறம் நேட்டால், மொரீசியஸ், பிஜி போனவர்களின் வாரிசுகள் அனுப்பும் காகிதங்களைப் படித்துச் சொல்வதில் பல வருஷமாக ஈடுபட்டிருக்கிறேன். இந்த இரண்டு வேலையிலும் நான் கற்றுக்கொண்ட முறை ஒன்றுதான். ஒரு காகிதம் முழுதும் உண்மை, இன்னொன்று முழுதும் பொய் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக எடுத்து, இதை யார் சொன்னார்கள், யார் எழுதினார்கள், நடந்து எத்தனை வருஷம் கழித்து எழுதினார்கள், அப்படி எழுதினால் யாருக்கு என்ன காரியம் ஆகும் என்று கேட்கவேண்டும். ஒரே தாளில் ஒரு வரியை நம்பலாம், அதற்கு அடுத்த வரியை நம்பமுடியாமல் போகலாம்.

கப்பல் பட்டியலிலிருந்து தொடங்குவோம். நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16இல் டர்பனில் கரை சேர்ந்தது. நடுவில் சில வருஷம் நின்று, 1874இல் மறுபடி தொடங்கி, 1911 வரை நடந்தது. மொத்தம் போனவர்கள் சுமார் 1,52,000 பேர், அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்குக்கூட எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாம் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். அங்கே கல்யாணம், பிள்ளைப்பேறு, முறையீடு, ஊர் திரும்புதல் என்று அரசாங்கத்தோடு எந்தக் காரியம் நடந்தாலும் அந்த எண்ணையே குறிப்பிடுவார்கள். பெயரை எழுதுகிறவர் தன் காதுக்கு எட்டியபடி எழுதுவார், எண் மட்டும் மாறாது. அதனால் நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது வயதை அல்ல. 1915ஆம் வருஷத் திருமணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அதே எண் இருக்கிறதா என்று டர்பன் அம்மாவைக் கேளுங்கள். இருந்தால் 1902இல் கப்பலேறியவரும் 1915இல் கல்யாணத்தைப் பதிந்தவரும் ஒரே ஆள் என்பது முடிந்த விஷயம். இல்லாவிட்டால் அந்த இணைப்பே இன்னும் நிரூபணமாகவில்லை என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து தேடவேண்டும். அவர்கள் பக்கத்தில் யாரோ பெயரை வைத்து இந்தப் பட்டியல் வரியைத் தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும். நான் பார்த்த பல குடும்ப மரங்களில் தவறு நுழைந்த வாசல் அதுதான்.

வயதுக் கணக்குக்கு வருகிறேன். பட்டியல்படி அவர் 1878 வாக்கில் பிறந்தவர், திருமணப் பதிவுப்படி 1879, மரண அறிவிப்புப்படி 1875, கல்லறைப்படி 1872. ஏழு வருஷ வித்தியாசம் உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தத் தலைமுறைக்கு இது சாதாரணம். பிறந்த தேதி என்று ஒன்று அவர்களிடம் இருந்ததே இல்லை. சென்னை டிப்போவில், அதாவது கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைக்கும் இடத்தில், குமாஸ்தா ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு வயது போடுவார். வேலைக்கு இளைய ஆட்கள் வேண்டும் என்பதால் ஓரிரு வயது குறைத்துச் சொல்வது சேர்க்கிற தரகருக்கும் லாபம், போகிறவருக்கும் லாபம். முதுமையில் இது தலைகீழாகும். வீட்டுப் பெரியவருக்கு வயது கூடிக்கொண்டே போகும். கல்லறைக் கல் பெரும்பாலும் இறந்து பல வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் வைப்பது. அவரே நேரில் நின்று சொல்லியிருக்கக்கூடியவை 1902ஆம் வருஷத்து வயதும் 1915ஆம் வருஷத்து வயதும்தான். பதின்மூன்று வருஷ இடைவெளியில் வெவ்வேறு குமாஸ்தாக்கள் எழுதிய அவை இரண்டும் ஒரு வருஷ வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன. 1876க்கும் 1880க்கும் நடுவில் பிறந்தவர் என்று எழுதிக்கொண்டு மேலே போகலாம். இதைவிடத் துல்லியமாக ஒரு நாளும் தெரியப்போவதில்லை, தேவையும் இல்லை.

பிறந்த இடம் ஒரு தாளில் மெட்ராஸ், ஒன்றில் வட ஆற்காடு, டர்பன் வீட்டுப் பேச்சில் வேலூர், பட்டியலில் வளத்தூர் என்று படிக்கக்கூடிய ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டு. இதை முரண் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் முரணே இல்லை. மெட்ராஸ் என்பது மாகாணம், கப்பல் ஏறிய துறைமுகமும் அதுதான். அந்த மாகாணத்தில் வட ஆற்காடு ஜில்லா, அதில் குடியாத்தம் தாலுகா, அதில் உங்கள் ஊர். பக்கத்துப் பெரிய ஊர் வேலூர். அந்நிய நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா எதைச் சொன்னால் விளங்குமோ அதைச் சொல்லியிருப்பார். ஒன்று மட்டும் கவனியுங்கள். 1902இல் வட ஆற்காடு ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர்தான். சித்தூர் தனி ஜில்லாவானது 1911இல். சந்திரகிரி, பலமனேர் பக்கத்து ஊர்களும் அப்போது வட ஆற்காட்டில் இருந்தவை. அதனால் இதே மாதிரி ஒலிக்கும் ஓர் ஊர் இன்றைய ஆந்திர எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தாலுகாக் கட்டத்தில் குடியாத்தம் என்று தெளிவாக இருந்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. இதற்குத் தட்டச்சுப் பிரதி போதாது. கைப்பட எழுதிய மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் படம் வேண்டும். அந்தப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படம் கேட்கும்போது அவருடைய ஒரு வரியை மட்டும் கேட்காதீர்கள்; அந்தப் பக்கம் முழுவதையும், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு ஊரிலிருந்து தனியாக ஒருவர் கிளம்புவது குறைவு. கூடவே உங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர் அடுத்தடுத்த எண்ணில் இருந்தால், அவர்கள் வீட்டிலும் "நேட்டால் போனவர்" கதை இருக்கிறதா என்று ஊருக்குள் விசாரிக்கலாம். அப்படி ஒன்று அகப்பட்டால் அது பத்துக் காகிதத்துக்குச் சமம்.

தகப்பன் பெயரில்தான் உண்மையான முரண் இருக்கிறது. பட்டியலில் முனுசாமி, மரண அறிவிப்பில் பெருமாள். உங்கள் 1910 பத்திரத்தில் அண்ணன் தம்பிகளின் தகப்பன் பெயர் முனுசாமி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பட்டியல் பக்கம்தான் சாய்வேன். மரண அறிவிப்பு என்பது இறந்தவரின் சொத்து விவகாரத்துக்காக நிரப்பும் படிவம். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் கேட்பார்கள். நிரப்பியது மகன், அவர் நேட்டாலில் பிறந்தவர், வளத்தூர்த் தாத்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்து அதிகாரி கேட்ட கேள்விக்கு ஞாபகத்தில் வந்ததைச் சொல்லியிருப்பார். பெருமாள் என்பது தாய்வழித் தாத்தாவாக இருக்கலாம், அப்பாவை வளர்த்த பெரியப்பாவாக இருக்கலாம். பட்டியலில் உள்ளதோ அவரே சொன்ன பெயர். இருந்தாலும் முனுசாமி என்ற பொருத்தத்தை மட்டும் வைத்து ஆடவேண்டாம். வட ஆற்காட்டில் அன்றைக்குத் தெருவுக்கு ஒரு முனுசாமி. உங்கள் சின்னத் தாத்தாவின் பெயரும் முனுசாமி என்ற தகப்பன் பெயரும் குடியாத்தம் தாலுகாவும் சேர்ந்து 1895 முதல் 1911 வரை பட்டியலில் எத்தனை தடவை வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரே ஒருவர் வந்தால் பொருத்தம் பலமானது. நாலைந்து பேர் வந்தால் வேறு சாட்சி வேண்டும். டர்பனில் அவருடைய மூத்த மகனுக்கு என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. தகப்பன் பெயரை மூத்த பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம், கடல் தாண்டியும் அதை விடவில்லை. அதையும் கேட்டு வையுங்கள்.

சாதிக் கட்டம் உங்கள் வீட்டோடு ஒத்துவரவில்லை என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தை வைத்து ஒருவரைச் சேர்க்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். வேலை கிடைக்கவேண்டுமே என்று மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, புது இடத்தில் புதிதாகத் தொடங்கலாம் என்று மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, குமாஸ்தா தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டதும் உண்டு. டர்பன் குடும்பங்களின் பின்பெயர்களும் அப்படித்தான். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனது, நாயுடு நாய்டூ ஆனது, பல வீடுகளில் தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதில் வம்சத்தைத் தேடினால் வழி தவறும்.

வியாபாரியாகப் போனார் என்ற வீட்டுக் கதையைப் பார்ப்போம். நேட்டாலுக்குச் சொந்தச் செலவில் போன வியாபாரிகள் இருந்தார்கள், பெரும்பாலும் குஜராத்திகள். ஆனால் 1897இல் நேட்டால் ஒரு குடிவரவுத் தடைச் சட்டம் போட்டது. சொந்தமாகப் போகிறவருக்கு ஒரு ஐரோப்பிய மொழி எழுதத் தெரியவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அதற்கப்புறம் 1902இல் குடியாத்தம் கிராமத்துப் பையன் வியாபாரியாக இறங்குவது நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன், மிகக் கடினம். ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும் என்பது பழைய ஒப்பந்தத்தின் கணக்கு. அது முடிந்து 1907 வாக்கில் வெளியே வந்தவர்கள் பலர் காய்கறித் தோட்டம் போட்டார்கள், கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். ஊருக்கு எழுதிய கடிதத்தில் "வியாபாரம் செய்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அது அப்போது உண்மைதான். கரும்புத் தோட்டத்து ஐந்து வருஷத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதைச் சொல்லிக்கொள்ள எந்த மகனுக்கு மனசு வரும்? வீட்டுக் கதை பொய் என்று தள்ளாதீர்கள். அது அவருடைய வாழ்க்கையின் இரண்டாவது பாதி.

அந்த இரண்டாவது பாதி எப்படிப்பட்டது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1895ஆம் வருஷச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்பவேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தம் எழுதவேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்டவேண்டும். மாதம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் கூலிக்காரனுக்கு அது ஐந்தாறு மாதச் சம்பளம். பிறகு பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும்கூட இந்த வரியை நீட்டினார்கள். 1913இல் காந்தி முன்னின்ற வேலைநிறுத்தத்தில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கியதற்கு இது முக்கியக் காரணம். 1914இல்தான் வரி போனது. ஏழெட்டு வருஷம் ஊருக்குக் கடிதமும் பணமும் வராமல் போயிருந்தால் அதற்கு மனக்கசப்பு மட்டுமே காரணமாக இருக்கவேண்டியதில்லை.

மூத்த பிள்ளை 1905இல் பிறந்திருக்க, கல்யாணப் பதிவு 1915இல் என்பது டர்பன் அம்மாவைச் சங்கடப்படுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். 1913 மார்ச் 14இல் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவாகாத கல்யாணங்களைச் சட்டப்படி செல்லாதவை ஆக்கிவிட்டது. நம் பெண்கள் அவ்வளவு பேரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். போராட்டத்துக்கப்புறம் 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஏற்கெனவே நடந்த கல்யாணங்களைப் பின்னால் பதிந்துகொள்ள வழி செய்தது. 1915ஆம் வருஷப் பதிவு அநேகமாக அதுதான். தாலி கட்டிய வருஷம் வேறு, பதிந்த வருஷம் வேறு. அந்தப் பதிவில் "திருமணம் நடந்த நாள்" என்று தனிக் கட்டம் இருந்தால் அதைப் பாருங்கள்.

அந்த அம்மாளைப் பற்றி, அதாவது அவருடைய மனைவியைப் பற்றி, உங்கள் கேள்வியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. கூடவே வந்தவள் என்று டர்பன் வீட்டில் சொல்கிறார்கள். தம்பி தனியாகத்தான் போனார் என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்க இடம் உண்டு. நூறு ஆணுக்கு நாற்பது பெண் வீதம் கப்பலில் இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. ஊரைவிட்டு, வீட்டைவிட்டுத் தனியாக வந்த பெண்கள், விதவைகள், பஞ்சத்தில் அகப்பட்டவர்கள் டிப்போவில் இருந்தார்கள். அங்கேயே ஜோடி சேர்ந்து கப்பலேறியவர்கள் பலர். அவர் எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண் இருந்தால், அவள் ஊர், தகப்பன் பெயர், சாதி அவளுக்கென்று தனியாக எழுதியிருக்கும். அவள் வேறு ஜில்லாவிலிருந்து வந்தவளாக இருந்தால், டர்பன் குடும்பத்துக்கு இந்தியாவில் இன்னொரு பூர்வீகமும் இருக்கிறது. தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஆண் வழியையே கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் ஓர் எண் இருக்கிறது, ஓர் ஊர் இருக்கிறது, அவளைப் பறிகொடுத்த ஒரு வீடும் எங்கோ இருந்திருக்கிறது. தயவுசெய்து அவள் வரியையும் படியுங்கள்.

இப்போது உங்கள் பக்கத்துக் காகிதங்கள். 1910 பாகப்பிரிவினையில் "காலமாகிவிட்டபடியால்" என்று இருப்பதால் 1936இல் இறந்தவர் நம்மவர் இல்லை என்று உங்கள் மாமா வாதாடுகிறார். பத்திரத்தின் வாசகத்தை இறப்புச் சான்றிதழ் மாதிரி படிக்கக்கூடாது. அன்றைய இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில், பிரியாத சகோதரன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால் அவன் பங்கு மற்ற சகோதரர்களுக்கே சேரும். அவன் உயிரோடு இருக்கிறான் என்றால் அவனுக்கும் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவன் வில்லங்கம் என்பான். ஏழு வருஷமாக, தெரிந்திருக்கவேண்டியவர்களுக்கே தகவல் இல்லாத ஆளை இறந்தவராகக் கொள்ள 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 1902இல் போனவர், 1910இல் எட்டு வருஷம். பத்திரம் எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். உங்கள் கொள்ளுத் தாத்தா தம்பியை ஏமாற்றினார் என்று நான் சொல்லவரவில்லை. தகவலே இல்லாமல் உண்மையிலேயே இறந்துவிட்டதாக நம்பியிருக்கலாம். தெரிந்தும் எழுதியிருக்கலாம். அவர் மனசில் என்ன இருந்தது என்பதற்குப் பத்திரம் சாட்சி சொல்லாது. பத்திரத்திலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியவை இவ்வளவுதான்: இந்தப் பெயரில் ஒரு தம்பி இருந்தார், தகப்பன் முனுசாமி, 1910இல் அவர் ஊரில் இல்லை, பங்கு கேட்க யாரும் வரவில்லை.

நோட்டுக்கு வருகிறேன். மொத்தக் காகிதங்களிலும் எனக்கு நெஞ்சில் பட்டது அந்த ஒரு வரிதான். தாது என்றதும் எல்லோருக்கும் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம்தான் ஞாபகம் வரும், அது இயல்பு. ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவை திரும்பி வரும். 1876இல் வந்த தாது மறுபடி 1936 ஏப்ரலில் பிறந்தது. எழுதியவர் 1901இல் பிறந்த உங்கள் தாத்தா. 1876இல் நடந்ததை அவர் மாதம், தேதியோடு தன் கணக்கு நோட்டில் எழுத வழியில்லை. தவிர, அதே பக்கத்தில் மேலேயும் கீழேயும் நெல் விற்ற கணக்கு இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் கணக்குகளின் வருஷப் பெயர்களைப் பாருங்கள். முந்தினது யுவ, அடுத்தது ஈசுவர என்று இருந்தால் 1935, 1936, 1937 என்று நேராக வந்துவிடும். அப்புறம் "ஸ்நானம்" என்ற சொல். பயணம் போனதற்கு யாரும் ஸ்நானம் என்று எழுதமாட்டார்கள். தூர தேசத்தில் பங்காளி இறந்த செய்தி தாமதமாக வந்தால், கேட்ட அன்றைக்குத் தலை முழுகித் தீட்டுக் கழிப்பது நம் வழக்கம். தாது ஆவணி 9 என்றால் 1936 ஆகஸ்டு கடைசி வாரத்தின் தொடக்கம். டர்பன்காரர் இறந்தது அதே வருஷம் ஜூலை. கடிதம் கப்பலில் வந்து சேர அந்த இடைவெளி சரியாகப் பொருந்துகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புலப்படுகிறது. 1910இல் இறந்ததாக எழுதப்பட்டவர் 1936 வரை உயிரோடு இருந்தார் என்பது உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. 1910க்கும் 1936க்கும் நடுவில் எப்போதோ கடிதப் போக்குவரத்து மீண்டும் ஏற்பட்டிருக்கிறது, அதனால்தான் டர்பன் பிள்ளைகளிடம் வளத்தூர் விலாசம் இருந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ 1936ஆம் வருஷக் கடிதம் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்கத் தபால்தலை ஒட்டிய உறை, மணியார்டர் துண்டு, ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம், எதுவானாலும் சரி. படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரையில் ஊர் இருக்கும்.

ஆக, என் கணிப்பை வரிசைப்படுத்திச் சொன்னால், 1936இல் நேட்டாலில் உங்கள் தாத்தாவின் சித்தப்பா ஒருவர் இறந்தார் என்பது நோட்டு வரியைப் பார்த்தவரையில் ஏறக்குறைய உறுதி. அவர்தான் டர்பன் அம்மாவின் கொள்ளுத் தாத்தா என்பது, தகப்பன் பெயர், ஊர், இறந்த காலம் மூன்றும் சேர்ந்து பொருந்துவதால் மிகவும் நம்பத்தக்கது. 1902ஆம் வருஷத்துக் கப்பல் வரி அவருடையதுதான் என்பது எண்ணைச் சரிபார்க்கும் வரை அநேகமாக என்ற நிலையில்தான் நிற்கிறது. வியாபாரம், அண்ணனோடு மனஸ்தாபம் முதலியவை நிரூபிக்கவும் முடியாதவை, மறுக்கவும் முடியாதவை. பெருமாள் யார் என்பது திறந்த கேள்வி.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் அதன் அளவு தெரிந்து செய்யுங்கள். நீங்களும் டர்பன் அம்மாவும், கொள்ளுத் தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்ற வகையில் பங்காளி முறை. அந்தத் தூரத்தில் உண்மையான உறவினர்களிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குப் பொருத்தம் எதுவும் காட்டாமல் போகும். இன்னொரு பக்கம், நம்மில் மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்திருப்பதால், தூரத்து உறவும் கிட்டத்து உறவு மாதிரி பெரிதாகத் தெரியும். உங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர்களுக்குச் செய்தால் பலன் அதிகம். ஆண் வழியாகவே வந்த ஆண்கள் இரு பக்கமும் இருந்தால் ஒய் குரோமோசோம் சோதனை செய்யலாம். பொருந்தாவிட்டால் அது கவனிக்கவேண்டிய செய்தி. பொருந்தினால் ஒரே பங்காளி வம்சம் என்றுதான் பொருள், இன்னாருக்கு இன்னார் தம்பி என்று அது சொல்லாது.

இதைவிடச் செலவில்லாத சாட்சி குலதெய்வம். டர்பன் வீட்டில் எந்தச் சாமிக்கு வருஷா வருஷம் படையல் போடுகிறார்கள் என்று கேளுங்கள். கெங்கையம்மன் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, குடியாத்தம் வட்டாரம் முழுக்க அவள் பிள்ளைகள்தான். உங்கள் பங்காளிகள் மட்டும் கும்பிடுகிற சிறுதெய்வத்தின் பெயர் அங்கே வந்தால் நான் வேறு காகிதம் கேட்கமாட்டேன். ஆனால் உங்கள் சாமி பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து வரட்டும். ஆசையில் "ஆமாம், எங்கள் பாட்டியும் அதைத்தான் சொன்னாள்" என்று சேர்ந்துகொள்வது மனுஷ இயல்பு.

பதிவு அலுவலகத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1910 பத்திரத்தின் சான்றிட்ட நகலை எடுங்கள். வீட்டில் உள்ளது படியெடுத்த தாள் என்றால் அதில் வரிகள் விட்டுப்போயிருக்கலாம். அப்படியே 1907 முதல் 1940 வரை பெயர் அட்டவணையில் உங்கள் சின்னத் தாத்தாவின் பெயரைத் தேடச் சொல்லி மனு கொடுங்கள். இந்தக் காலத்துக்கு இணையத்தில் வில்லங்கம் வராது, கைத்தேடல்தான். பிற்காலத்தில் அவர் விடுதலைப் பத்திரமோ அதிகாரப் பத்திரமோ எழுதிக்கொடுத்திருந்தால், அவருடைய கையெழுத்தோ கைரேகையோ கிடைக்கும். சொத்தில் இப்போது யாருக்கு என்ன பாத்தியதை என்ற கேள்வியை உங்கள் மாமா கிளப்பினால் அதற்கு வக்கீலைப் பாருங்கள். அது என் துறை இல்லை, டர்பன் அம்மா அதைக் கேட்கவும் இல்லை.

அவருக்குப் பதில் எழுதும்போது நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து முதலில் அனுப்புங்கள். 1910 பத்திரத்தைப் பிறகு, இந்த விளக்கத்தோடு அனுப்பலாம். பதிவேட்டுப் பக்கத்தின் படம் வந்ததும் இங்கே போடுங்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்து எனக்குப் பழக்கம், ஊர்ப் பெயரையும் பக்கத்து எண்களையும் படித்துச் சொல்கிறேன்.